ஹால் டிவிக்கு ஒரு குட்டி வயர்லெஸ் கீபோர்டு: எதை வாங்குவது, எங்கே மாட்டுவது

ரிமோட்டை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து ஒரு பாஸ்வேர்டை அடித்து முடிப்பதற்குள் படம் பார்க்கும் ஆசையே போய்விடும். பெரிய எழுத்துக்கு ஒரு பக்கம், எண்ணுக்கு இன்னொரு பக்கம், நடுவில் ஒரு தப்பு விழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து. இதற்கெல்லாம் ஒரு சின்ன வயர்லெஸ் கீபோர்டு போதும். ஆனால் அதைத் தேடக் கிளம்பும் முன் டிவிக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பாருங்கள், எந்த வகை வேண்டும் என்பதை அங்கே மாட்டியிருக்கும் பெட்டிதான் (கேம் கன்சோலோ, ஸ்டிக்கோ, கம்ப்யூட்டரோ) சொல்லும்.

வகை இரண்டுதான். யூஎஸ்பியில் செருகும் டாங்கிள் என்ற சின்ன ரிசீவரோடு வருவது ஒன்று, புளூடூத்தில் இணைவது இன்னொன்று. (இரண்டும் சேர்ந்த மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள்.) எக்ஸ்பாக்ஸில் புளூடூத் கீபோர்டு வேலை செய்யாது, டாங்கிள் வேண்டும். ஆப்பிள் டிவி 4கே அதற்கு நேர்மாறு, யூஎஸ்பி துளையே கிடையாது, புளூடூத் மட்டும்தான். பிளேஸ்டேஷன் 5 இரண்டையும் ஏற்கும். எச்டிஎம்ஐயில் நேராகச் செருகும் ஸ்டிக்குகளில் இருக்கும் ஒரே துளை பவருக்குப் போய்விடுவதால் டாங்கிள் மாட்ட ஓடிஜி அடாப்டர் (பவரையும் டாங்கிளையும் ஒரே துளையில் சேர்க்கும் இணைப்பான்) தேவைப்படும், அந்தத் தொல்லைக்குப் புளூடூத்தே மேல். டிவியோடு கம்ப்யூட்டரை இணைத்திருப்பவர்கள் யோசிக்காமல் டாங்கிள் வகைக்குப் போகலாம்: விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில்கூட அது வேலை செய்யும், புளூடூத் பெரும்பாலும் விண்டோஸ் வந்த பிறகுதான் உயிர் பெறும்.

அடுத்து வடிவம். டச்பேட் எவ்வளவு பெரியது என்று பார்ப்பதைவிட அம்புக்குறி விசைகள் தனியாக, விரலுக்கு வாட்டமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு டிவி செயலிகள் பல ரிமோட்டை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்டவை, மவுஸ் அம்பு திரையில் ஓடும், கிளிக் செய்தால் ஒன்றும் நடக்காது. எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தினால்தான் அம்புக்குறி வேலை செய்யும் என்கிற மாடலை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இரண்டு கையாலும் பிடித்துக் கட்டைவிரலால் அடிக்கும் உள்ளங்கை அளவு மாடல்கள் படத்தின் பெயரைத் தேட அருமையானவை, ஆனால் சோபாவில் உட்கார்ந்து பிரவுசரில் நேரம் செலவழிப்பவருக்கு லாஜிடெக் கே400 பிளஸ் போல மடியில் வைக்கும் அளவுதான் சரிப்படும். விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவர்கள் விசைகளில் வெளிச்சம் வருமா என்றும் பாருங்கள், கே400 பிளஸில் அது கிடையாது.

புளூடூத் இணைப்பு எளிது. கூகுள் டிவியில் செட்டிங்ஸில் ரிமோட்ஸ் அண்ட் அக்சஸரீஸ், ஆப்பிள் டிவியில் ரிமோட்ஸ் அண்ட் டிவைசஸ், அதற்குள் புளூடூத். கீபோர்டின் புளூடூத் விசையை விளக்கு வேகமாக மினுக்கும்வரை அழுத்திப் பிடியுங்கள், திரையில் எண் ஏதாவது வந்தால் அதைக் கீபோர்டிலேயே அடித்து என்டர் தட்டுங்கள். பட்டியலில் கீபோர்டு பெயரே வரவில்லையா? அது ஏற்கெனவே பக்கத்தில் உள்ள ஏதோ ஒரு போனிலோ லேப்டாப்பிலோ ஒட்டிக்கொண்டிருக்கும், முதலில் அங்கே புளூடூத்தை அணையுங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். எழுத்து விட்டுப்போகிறது, தாமதமாக வருகிறது, ஒரே எழுத்து வரிசையாக இருபது முறை விழுகிறது என்று கீபோர்டைத் திட்டுபவர்களில் பலருக்குக் கோளாறு கீபோர்டில் இல்லை, டாங்கிள் இருக்கும் இடத்தில்தான். விசையை அழுத்தினால் ஒரு செய்தி போகிறது, விரலை எடுத்தால் இன்னொரு செய்தி போகிறது. இரண்டாவது செய்தி வழியில் தொலைந்தால் நீங்கள் இன்னும் அழுத்திக்கொண்டே இருப்பதாகப் பெட்டி நினைத்து அதே எழுத்தை அடித்துத் தள்ளும். டாங்கிளை டிவியின் முதுகில் செருகியிருந்தால் அதற்கும் உங்களுக்கும் நடுவில் முழுத் திரையும் அதன் உலோகத் தகடும் நிற்கின்றன. அதோடு யூஎஸ்பி 3.0 இணைப்புகள் டாங்கிள் பேசும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும் என்பதை இன்டெல்லே 2012-ல் ஓர் அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது, ஆக டாங்கிளுக்குப் பக்கத்தில் யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் ஓடினால் சிக்கல் இன்னும் கூடும். ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் நீல நிறத் துளை இரண்டும் 3.0, கறுப்பு இரண்டும் 2.0, டாங்கிளைக் கறுப்பில் செருகுங்கள். எல்லாவற்றையும்விட நல்ல தீர்வு ஒரு சின்ன யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள். டாங்கிளை டிவியின் ஓரத்துக்கோ முன்பக்கத்துக்கோ இழுத்து, சோபாவுக்கு நேராகத் தெரியும்படி ஒட்டிவிடுங்கள். புளூடூத்தும் 2.4-லேயே ஓடுவதால் டிவியின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் அதற்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

சரி, இணைந்தாயிற்று. பழகிக்கொள்ள வேண்டிய விசைகள் கொஞ்சம்தான். ஆண்ட்ராய்டு டிவியில் அம்புக்குறியும் என்டரும், பின்னால் போக பெரும்பாலும் எஸ்கேப். கோடி (Kodi) என்ற வீடியோ பிளேயர் செயலியில் ஸ்பேஸ் நிறுத்தி ஓட்டும், எக்ஸ் முழுதாக நிறுத்தும், டி சப்டைட்டிலைக் காட்டும் அல்லது மறைக்கும், சி அந்தந்த இடத்துக்கான மெனுவைத் திறக்கும், பேக்ஸ்பேஸ் ஒரு படி பின்னால். கம்ப்யூட்டர் பிரவுசரில் யூடியூப் பார்த்தால் ஜே, எல் இரண்டும் பத்துப் பத்து நொடி பின்னும் முன்னும், எஃப் முழுத்திரை. எழுத்து தூரத்திலிருந்து தெரியவில்லையென்றால் கண்ட்ரோலும் பிளஸ்ஸும், பழைய அளவுக்குத் திரும்ப கண்ட்ரோலும் பூஜ்யமும். கீபோர்டில் உள்ள சத்த விசை கம்ப்யூட்டரின் சத்தத்தைத்தான் மாற்றும், டிவியின் சத்தத்தை அல்ல. இரண்டு இடத்திலும் மாற்றி மாற்றிக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்காமல் ஒன்றை ஓர் அளவில் நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் பயன்படுத்துங்கள்.

தூங்கும் கம்ப்யூட்டரைச் சோபாவிலிருந்தே எழுப்ப வேண்டுமானால் விண்டோஸில் டிவைஸ் மேனேஜர், கீபோர்டு, பவர் மேனேஜ்மென்ட் என்று போய்க் கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதிக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். கீபோர்டும் தூங்கும். பேட்டரியை மிச்சப்படுத்த அது தானாக அணைந்துவிடுவதால் முதல் எழுத்து விழாமல் போகும், அதனால் பாஸ்வேர்டு அடிக்கும் முன் ஷிஃப்டை ஒருமுறை தட்டுங்கள்.

பாஸ்வேர்டு என்றதும் இன்னொன்று. 2016-ல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம் மவுஸ்ஜாக் என்ற பெயரில் பல பிராண்டு டாங்கிள்களில் இருந்த ஓட்டையை வெளியிட்டது, அதே ஆண்டில் சில மலிவு கீபோர்டுகள் அடிப்பதை மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யாமல் அப்படியே காற்றில் அனுப்புவதையும் காட்டியது. ஆகவே கீபோர்டு வரும் அட்டைப்பெட்டியில் ஏஇஎஸ் (AES) மறையாக்கம் என்று எழுதியிருக்கும் மாடலாகத் தேடுங்கள், ஃபர்ம்வேர் (டாங்கிளுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் வந்தால் தள்ளிப்போடாமல் போடுங்கள், எதுவும் எழுதாத கீபோர்டில் படத்தின் பெயரை அடிக்கலாம், வங்கி பாஸ்வேர்டை அடிக்க வேண்டாம்.