பீமிலி சாலையில் மதிய வெயிலில் மலையேறாதீர்கள்

விசாகப்பட்டினத்திலிருந்து பீமிலிக்குப் போகும் கடற்கரைச் சாலையில் பலரும் செய்யும் தவறு, காலையெல்லாம் கடலில் ஆடிவிட்டு, சாப்பிட்ட பிறகு தொட்லகொண்டா ஏறுவது. 128 மீட்டர் உயரமுள்ள அந்தக் குன்றின் உச்சியில் பழைய பௌத்த மடாலயம் ஒன்றின் எச்சங்கள் இருக்கின்றன. மதியத்தில் ஒதுங்க நிழல் கிடைக்காது. ஒரு படம் எடுத்துக்கொண்டு எப்போது இறங்கலாம் என்றிருக்கும். காலையிலேயே மலையேறிவிடுங்கள். கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று மாலையில் ஏறினாலும் ஏமாற்றம்தான். இது கிழக்குக் கரை.

மேலே போகிறவர்கள் நேரே தூபிக்குப் போய், கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய வருத்தம். குன்றுக்குப் பெயர் வந்ததே பாறையில் வெட்டிய தொட்டிகளால்தான். தெலுங்கிலும் தொட்டி தொட்டிதான். கொண்டா என்றால் குன்று. ஒரு தொட்டியின் ஓரத்தில் நின்று குனிந்து பாருங்கள். இறுகிய பாறையைக் குடைந்து இறக்கியிருக்கிறார்கள், மழைநீரைப் பிடித்து வைப்பதற்காக. இந்த உச்சியில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் துறவிகள் கூட்டமாக வாழ முடிந்தது அந்த நீரால்தான். பிறகு அவர்கள் தங்கிய அறைகளின் வரிசையையும் உணவுக்கூடத்தையும் பார்த்தால் எல்லாம் பொருந்திவரும். 1988 முதல் 1993 வரை நடந்த அகழாய்வில் ரோமானிய வெள்ளிக் காசுகளும் கிடைத்தன. கீழே தெரியும் கடல் வழியாக வணிகம் நடந்த காலம் அது. தூபியின் மேடையில் மட்டும் தயவுசெய்து ஏறி உட்காராதீர்கள்.

ஆட்டோக்காரரிடம் வெறுமனே 'புத்தர் மலை' என்று சொன்னால் குழப்பம் வரும். பக்கத்தில் பாவிகொண்டா உண்டு, பீமிலியிலேயே பாவுராளகொண்டா உண்டு. மூன்றிலும் மடாலய எச்சங்கள் இருக்கின்றன.

கடைசியாகக் கடல். கரையில் அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் நுரையில்லாமல் அமைதியாகத் தெரியும். குழந்தையை அங்கேதான் இறக்கத் தோன்றும், இறக்காதீர்கள். கரைக்கு வந்த நீர் குறுகிய பாதையாகத் திரும்பிப் பாயும் இடமாக அது இருக்கலாம்; நீந்தத் தெரிந்தவரையும் உள்ளே இழுத்துவிடும். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்பலாம்.