மக்கின் உள்ளே சாம்பல் கோடுகள்

எந்த ஊருக்குப் போனாலும் ஸ்டார்பக்ஸில் அந்த ஊர்ப் படம் போட்ட பீங்கான் மக் ஒன்று வாங்கிவிடுவேன். 2013-இல் வந்த 'யூ ஆர் ஹியர்' வரிசையில் சிங்கப்பூர் மக்தான் எனக்குச் செல்லம். 14 அவுன்ஸ், ஏறக்குறைய 414 மில்லி பிடிக்கும். அலமாரியில் பூட்டி வைக்க மனம் வராது. தினமும் காபி அதில்தான்.

ஒரு நாள் கழுவும்போது பார்த்தால், உள்ளே அடிப்பக்கம் முழுக்க பென்சிலால் கிறுக்கியது போலச் சாம்பல் கோடுகள். கீறல் என்று நினைத்து மனசே உடைந்துபோனது. நகத்தால் தடவினேன், பள்ளமே இல்லை. அப்புறம்தான் புரிந்தது: பீங்கானின் மேல்பூச்சு, நான் சர்க்கரை கலக்கும் எவர்சில்வர் கரண்டியைவிடக் கடினமானது. தேய்ந்தது கரண்டி, அதன் உலோகம்தான் மக்கில் ஒட்டியிருக்கிறது.

ஆப்ப சோடாவில் சில சொட்டு நீர் விட்டு, பற்பசை பதத்துக்குக் குழைத்து, ஈரத்துணியால் வட்ட வட்டமாகத் தேய்த்தேன். ஐந்து நிமிடத்தில் கோடுகள் மங்கின. இரண்டாம் தடவை சுத்தமாகப் போயின. காபிக் கறையும் கூடவே போனது. வெளிப்பக்கப் படத்தில் மட்டும் சோடா படவிடவில்லை. இப்போது சர்க்கரை கலக்க மரக்கரண்டிதான்.