ஹாம் ரேடியோ கிளப்பில் சேர்வது எப்படி? கருவியை கடைசியாக வாங்குங்கள்

ஹாம் ரேடியோ (உரிமம் பெற்று, பொழுதுபோக்காக ரேடியோவில் மற்றவர்களோடு பேசுவது) மேல் ஆசை வந்ததும் பலர் முதல் வேலையாக இணையத்தில் மலிவான ஒரு வாக்கி டாக்கியை வாங்கிவிடுகிறார்கள். வேண்டாம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் அதில் பேசுவது மட்டுமல்ல, வைத்திருப்பதே சட்டப்படி சிக்கல். கிளப், தேர்வு, உரிமம், அதற்குப் பிறகுதான் கருவி.

படி 1: காதைப் பழக்குங்கள்

நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் உள்ள வெப்எஸ்டிஆர் (இணையம் வழியாக இயக்கும் ரேடியோ ரிசீவர்) ரேடியோவை உலாவியிலேயே திருப்பிக் கேட்கலாம், செலவில்லை. 7 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை மெதுவாக நகர்த்துங்கள். அங்கே குரலுக்கு எல்எஸ்பி, 14 மெகாஹெர்ட்ஸில் யுஎஸ்பி என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். மாற்றி வைத்தால் வாத்து கத்துவதுபோல் கேட்கும். ஒரு வார்த்தையும் புரியாது. யார் யாரை அழைக்கிறார்கள், பேசும் முறையை எப்போது அடுத்தவருக்குக் கைமாற்றுகிறார்கள் என்று கவனியுங்கள். கால் சைன்களை (ஒவ்வொரு நிலையத்தின் அடையாளக் குறி) காதால் கேட்டு எழுதிப் பழகினால் பாதி கூச்சம் போய்விடும்.

படி 2: கிளப்பை அணுகுங்கள்

சென்னையில் மெட்ராஸ் அமெச்சூர் ரேடியோ சொசைட்டி இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்து ஊர் ஹாம் ஒருவரைக் கேட்டால் வழி காட்டுவார். மூன்றைக் கேட்டு வாருங்கள்: தேர்வுக்கு வகுப்பு நடத்துகிறார்களா, உள்ளூர் ரிப்பீட்டரின் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) அலைவரிசையும் டோனும் (ரிப்பீட்டரைத் திறக்கும் மெல்லிய ஒலி) என்ன, நெட் (பலர் குறித்த நேரத்தில் ரேடியோவில் கூடுவது) எத்தனை மணிக்கு.

ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற எழுத்து வரிசையை இப்போதே மனப்பாடம் செய்யுங்கள். பி, டி, ஈ, ஜி ஆகிய நான்கும் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும்.

படி 3: தேர்வு

12 வயது நிறைந்தால் எழுதலாம். விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளம் வழியாக. உரிமத்தில் ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என இரண்டு நிலைகள். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு ரேடியோ கோட்பாடு, விதிமுறைகள் என இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். ஆக, இரண்டிலும் 40 வாங்கினால் தேர்ச்சி இல்லை. விதிமுறைப் பகுதியைக் கடைசி நாளுக்குத் தள்ளிப் போடாதீர்கள். மனப்பாடம் செய்தால் மதிப்பெண் நிச்சயம் கிடைக்கிற பகுதி அதுதான். ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸும் உண்டு. கால் சைன் வி.யு.3 என்று தொடங்கினால் ரெஸ்ட்ரிக்டட், வி.யு.2 என்றால் ஜெனரல்.

படி 4: ரிப்பீட்டரில் நுழைவது

உரிமம் வந்ததும் 2 மீட்டர் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) கைக்கருவி ஒன்று போதும். அதில் ரிப்பீட்டர் அலைவரிசை, ஷிஃப்ட் (கேட்கும் அலைவரிசைக்கும் பேசும் அலைவரிசைக்கும் உள்ள வித்தியாசம், வழக்கமாக மைனஸ் 600 கிலோஹெர்ட்ஸ்), டோன் மூன்றையும் பதியுங்கள். ஆன்டெனா மாட்டாமல் ஒருபோதும் பிடிடியை (பேசுவதற்கு அழுத்தும் பொத்தான்) அழுத்தாதீர்கள். இறுதிநிலை டிரான்சிஸ்டர் போய்விடலாம்.

மற்றவர்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது, உங்களுக்கு மட்டும் பதில் இல்லையா? பெரும்பாலும் ஷிஃப்டோ டோனோ தப்பு. முதல் வார்த்தை மட்டும் வெட்டுப்படுகிறதென்றால் பிடிடியை அழுத்தி ஒரு விநாடி விட்டுப் பேசுங்கள். ரிப்பீட்டர் விழிக்க அவ்வளவு நேரம் தேவை. குரல் கரகரப்பாகப் போனால் கான்கிரீட் சுவரை விட்டு மொட்டை மாடிக்குப் போங்கள்.

அப்படியும் சரிவரவில்லையென்றால் ஆன்டெனா செய்துவிடுங்கள். எளிய வகை டைபோல்: நடுவில் கேபிள் சேரும் இரண்டு கம்பிக் கைகள். 143 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸில் உள்ள அலைவரிசையால் வகுத்தால் மொத்த நீளம். 143ஐ 145ஆல் வகுத்தால் 0.986 மீட்டர், ஒவ்வொரு கைக்கும் சுமார் 49 செ.மீ. தாமிரக் கம்பியை ஒவ்வொரு கைக்கும் 52 செ.மீ. வெட்டி, எஸ்டபிள்யூஆர் மீட்டரை (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியைக் காட்டும், குறைவாக இருந்தால் நல்லது) பார்த்துக்கொண்டே இரு கைகளிலும் 3 மி.மீ. வீதம் குறைத்து வாருங்கள். மீட்டர் மிகக் குறைவாகக் காட்டும் அலைவரிசை 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் கம்பி இன்னும் நீளம். மேலே போய்விட்டால் அதிகம் வெட்டிவிட்டீர்கள், புதுக் கம்பிதான். 145இல் எஸ்டபிள்யூஆர் 1.5க்குக் கீழே வந்தால் நிறுத்துங்கள். செங்குத்தாகவே கட்டவும், ரிப்பீட்டர் ஆன்டெனாக்கள் அப்படித்தான் நிற்கின்றன, படுக்கையாக வைத்தால் சிக்னல் பெரிதும் சரியும். கேபிளைக் குட்டையாக வையுங்கள். 30 மீட்டர் ஆர்ஜி-58 (மெல்லிய கோஆக்ஸ் கேபிள்) போட்டால் இந்த அலைவரிசையில் கருவி தரும் சக்தியில் கால்பங்குதான் மேலே போய்ச் சேரும்.

படி 5: முதல் நெட்

நெட் கண்ட்ரோல் (நெட்டை நடத்துபவர்) "புதிய நிலையங்கள் உண்டா?" என்று கேட்கும் வரை பொறுங்கள். பிறகு கால் சைனை எழுத்தெழுத்தாக ஒருமுறை, பெயர், ஊர், அவ்வளவுதான். ஒருவர் முடித்த உடனே பாயாமல் இரண்டு விநாடி விடுங்கள். அவசரச் செய்தி உள்ளவர் நுழைய அந்த இடைவெளி வழி தரும். "கேட்கிறதா?" என்பதைவிட "என் சிக்னல் எப்படி வருகிறது, குரலில் இரைச்சல் உண்டா?" என்று கேளுங்கள். பதிலையும் நேரத்தையும் லாக் புத்தகத்தில் குறித்துக்கொண்டால் அடுத்த வாரம் ஆன்டெனாவை மாற்றியது பலன் தந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.