ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு அன்றாடப் பயன்பாட்டுக்கான ஒரே லென்ஸ்: தேர்ந்தெடுக்கும் முறை

எஸ்எல்ஆர் கேமராவில் நாம் லென்ஸின் வழியாகவே காட்சியைப் பார்க்கிறோம். லென்ஸை மாற்றினால் கண்ணில் தெரிவதும் மாறிவிடும். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் லென்ஸுக்கு மேலே உள்ள தனிச் சாளரமான வியூஃபைண்டர் வழியாகப் பார்த்து, அதில் இரண்டாகத் தெரியும் பிம்பங்களை ஒன்றாகப் பொருத்தி ஃபோகஸ் செய்கிறோம். எந்த லென்ஸைப் பொருத்தினாலும் அதில் தெரியும் காட்சி ஒன்றேதான். படத்தில் எவ்வளவு பதியும் என்பதை அதற்குள் ஒளிரும் ஃபிரேம் கோடுகள் மட்டும் காட்டுகின்றன. ஆகவே, முதன்முதலாக லென்ஸ் வாங்குபவர் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் தம்முடைய வியூஃபைண்டருக்குள் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. லைக்கா எம் வகைக் கேமராவை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அதே மவுண்ட் (லென்ஸைப் பொருத்தும் அமைப்பு) உள்ள மற்ற கேமராக்களுக்கும் பெரும்பாலும் இது பொருந்தும்.

படி 1: வியூஃபைண்டரின் எல்லையை அறிதல்

உங்கள் கேமராவில் எந்தெந்தக் குவியத்தொலைவுகளுக்குக் கோடுகள் உள்ளன என்று முதலில் பாருங்கள். குவியத்தொலைவு என்பது லென்ஸின் பெயரில் மி.மீ.யில் வரும் எண்; அது சிறிதாக இருந்தால் படத்தில் பதியும் பரப்பு அகலமாகும். 1954இல் வந்த எம்3 கேமராவின் வியூஃபைண்டர் காட்சியை 0.91 மடங்காகக் காட்டும். அதில் 50, 90, 135 மி.மீ. கோடுகள் மட்டுமே உண்டு. 35 மி.மீ. லென்ஸை விரும்புபவருக்கு அது ஏற்ற கேமரா அன்று. 1984இல் வந்த எம்6 கேமராவின் வழக்கமான 0.72 மடங்கு வியூஃபைண்டரில் 28 முதல் 135 மி.மீ. வரை கோடுகள் தெரியும்.

கண்ணாடி அணிபவர்கள் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். நான் கண்ணாடி அணிபவன். தொடக்கத்தில் 28 மி.மீ. லென்ஸ் ஒன்றை ஆசையாக வாங்கினேன். கோட்டின் நான்கு மூலைகளையும் ஒருசேரப் பார்க்க முடியாமல், ஒவ்வொரு படத்துக்கும் கண்ணை இடமும் வலமும் நகர்த்த வேண்டியிருந்தது. சில மாதங்களில் அதை விற்றுவிட்டேன். எனவே கண்ணாடியுடன் கேமராவைக் கண்ணில் வைத்து, ஒரே பார்வையில் முழுமையாகத் தெரியும் மிக அகலமான கோடு எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட அகலமான லென்ஸை அன்றாட லென்ஸாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

படி 2: அட்டையும் நூலும் கொண்டு பார்வையைச் சோதித்தல்

பெரும்பாலானவர்களுக்குத் தேர்வு 35, 50 ஆகிய இரண்டுக்குள் வந்து நின்றுவிடும். இதைப் பணம் செலவழிக்காமலே சோதித்துப் பார்க்கலாம். தடித்த அட்டை ஒன்றில் 72 மி.மீ. அகலமும் 48 மி.மீ. உயரமும் உள்ள ஒரு சாளரத்தை வெட்டிக்கொள்ளுங்கள். இது 35 மி.மீ. ஃபிலிமில் பதியும் படத்தின் இரு மடங்கு அளவு. அட்டையின் கீழ்விளிம்பில் ஒரு நூலைக் கட்டி, அட்டையிலிருந்து 7 செ.மீ. தொலைவில் ஒரு முடிச்சும் 10 செ.மீ. தொலைவில் இன்னொரு முடிச்சும் இடுங்கள். முதல் முடிச்சைக் கண்ணுக்கு ஒட்டினாற்போலக் கன்னத்து எலும்பின் மேல் பிடித்து, நூலை இழுத்து நிறுத்தி, மறு கண்ணை மூடிப் பார்த்தால் 35 மி.மீ. லென்ஸ் காணும் பரப்புத் தெரியும். இரண்டாம் முடிச்சில் 50 மி.மீ. தெரியும்.

இந்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் நடமாடுங்கள். வீட்டுக் கூடத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் டீக்கடை வாசலிலும், படம் எடுக்கத் தோன்றும் ஒவ்வொரு முறையும் இரு முடிச்சுகளிலும் பார்த்து, நின்ற இடத்தைவிட்டு நகராமலே காட்சி எதில் அமைந்தது என்று குறித்து வாருங்கள். வாரக் கடைசியில் அந்தக் குறிப்பு காட்டும் விடையை நம்பலாம்.

படி 3: தொலைவுக் கணக்கு

35 மி.மீ. லென்ஸில் ஒரு வசதியான கணக்கு உண்டு. கேமராவைக் கிடையாகப் பிடித்தால், எவ்வளவு தொலைவில் நிற்கிறோமோ ஏறக்குறைய அவ்வளவு அகலம் படத்தில் வரும். 3 மீட்டரில் நின்றால் 3 மீட்டருக்குச் சற்று மேல். 50 மி.மீ. லென்ஸில் அதே இடத்திலிருந்து 2.16 மீட்டர்தான் கிடைக்கும். சிறிய அறைகளில் மனிதர்களைச் சூழலோடு எடுப்பவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

ஃபோகஸிலும் இரண்டும் வெவ்வேறு குணம் உடையவை. எஃப்/8 அபெர்ச்சரில் (லென்ஸின் ஒளித்திறப்பு; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது) 3 மீட்டருக்கு ஃபோகஸை வைத்துவிட்டால், 35 மி.மீ. லென்ஸில் சுமார் 1.9 மீட்டரிலிருந்து 7.3 மீட்டர் வரை தெளிவாக இருக்கும், 50 மி.மீ. லென்ஸில் சுமார் 2.3 முதல் 4.2 மீட்டர் வரைதான். நல்ல வெயிலில், ஃபோகஸ் வளையத்தைத் தொடாமலே தெருவில் படமெடுத்துச் செல்ல 35 எளிது.

இதனால் 50ஐக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களில் திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரேசோன், தம் வாழ்நாள் பணியில் பெரும்பகுதியை 50 மி.மீ. லென்ஸைக் கொண்டே செய்தார். 0.72 மடங்கு வியூஃபைண்டரில் 50 மி.மீ. கோட்டின் பரப்பு 35இன் பரப்பில் ஏறத்தாழப் பாதி. அதனால் கோட்டுக்கு வெளியே நடப்பதும் கண்ணில் படும். யார் சட்டத்துக்குள் நுழையப் போகிறார் என்று காத்திருந்து எடுப்பவருக்கு இது பெரிய உதவி. 0.72 கேமரா வைத்திருக்கும் புதியவருக்கு நான் 35ஐயும், எம்3 வைத்திருப்பவருக்கும் தனி மனிதர் படங்களையே அதிகம் எடுப்பவருக்கும் 50ஐயும் பரிந்துரைப்பேன்.

இடைப்பட்ட 40 மி.மீ. லென்ஸ் கண்ணுக்கு இயல்பான பார்வையைத் தரும். ஆனால் எம் கேமராக்களில் அதைப் பொருத்தினால் 50க்கான கோடுதான் வரும் என்பதால், முதல் லென்ஸாக அது குழப்பத்தையே தரும்.

படி 4: அபெர்ச்சரும் உருவமும்

இரவில் ட்யூப்லைட் எரியும் கூடத்தில், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 400 உள்ள ஃபிலிமுக்கு எஃப்/2இல் ஏறக்குறைய 1/30 வினாடி தேவைப்படும். எஸ்எல்ஆரில் படமெடுக்கும்போது மேலெழும் உள்கண்ணாடி இந்தக் கேமராவில் இல்லாததால் அந்த வேகத்தில் கை நடுங்காமல் எடுக்கலாம். எனவே எஃப்/2 போதுமானது. எஃப்/1.4 லென்ஸுகள் விலை கூடியவை. அவற்றில் பல உருவத்திலும் பெரியவை. பெரிய லென்ஸும், அதன் முன் மாட்டும் ஒளிமறைப்பான ஹூடும் வியூஃபைண்டரின் வலது கீழ்மூலையை மறைக்கும்.

படி 5: வாங்கும் இடத்தில்

புதிதாக வாங்குபவருக்கு லைக்காவின் எஃப்/2 லென்ஸான சம்மிக்ரானின் விலை எட்டாது என்றால், ஜப்பானில் கோசினா தயாரிக்கும் ஃபோக்ட்லெண்டர் லென்ஸுகளும், அங்கேயே தயாராகும் ஸைஸ் பயோகான் 35 எஃப்/2, பிளானார் 50 எஃப்/2 ஆகியவையும் மிக நல்லவை. பழைய திருகு மவுண்ட் லென்ஸுகளை அடாப்டர் வழியாகப் பயன்படுத்தலாம்; அடாப்டர் உங்கள் குவியத்தொலைவுக்கு உரியதாக இல்லாவிட்டால் தவறான கோடு தோன்றும். அவற்றில் பல 1 மீட்டருக்கு அருகில் ஃபோகஸ் ஆகா. இன்றைய லென்ஸுகளில் பெரும்பாலானவை 0.7 மீட்டர் வரை வரும்.

பழைய லென்ஸ் என்றால் அபெர்ச்சரை முழுவதும் திறந்து, பின்புறமிருந்து மொபைல் டார்ச்சை அடித்து, முன்புறத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். விளிம்பிலிருந்து உள்நோக்கி வேர் விட்டதுபோல மெல்லிய வெண்ணிழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கண்ணாடி முழுவதும் மூச்சுக் காற்று பட்டதுபோல மங்கியிருந்தால் அது உட்புற மூட்டம். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் பல ஆண்டுகள் கிடந்த லென்ஸுகளில் இவ்விரண்டையும் அடிக்கடி பார்த்திருக்கிறேன். மூட்டம் வெயிலை எதிர்நோக்கும் படங்களை வெளிறச் செய்துவிடும். அதன்பின் ஃபோகஸ் வளையம் ஒரே சீரான இறுக்கத்தோடு சுழல்கிறதா என்று விரலால் உணர்ந்து பாருங்கள்.

படி 6: முதல் ரோலில் சோதனை

லென்ஸ் கைக்கு வந்ததும், தொலைவிலுள்ள செல்போன் கோபுரம் ஒன்றை நோக்கி வளையத்தை முடிவிலிக் குறிவரை திருப்புங்கள். வியூஃபைண்டரின் நடுவில் இரண்டாகத் தெரியும் பிம்பங்கள் அங்கே ஒன்றாகப் பொருந்த வேண்டும். பிறகு மேசைமேல் அளவுநாடாவைச் சாய்வாக விரித்து, 1 மீட்டர் தொலைவிலிருந்து அதன் 50ஆம் எண்ணில் ஃபோகஸ் செய்து, அபெர்ச்சரை முழுதும் திறந்து மூன்று படங்கள் எடுங்கள். படத்தில் வேறு எண் தெளிவாக இருந்தால், நண்பரிடம் இன்னொரு லென்ஸை இரவல் வாங்கி அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டு லென்ஸுகளும் ஒரே பக்கமாகத் தவறினால் கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டரைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும்; புதிதாக வாங்கியது மட்டும் தவறினால், திருப்பிக் கொடுப்பதற்கான தவணை முடிவதற்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.