சிரங்குக்குக் கிரீம் பூசியும் அரிப்பு போகவில்லையா?

பகலெல்லாம் விளையாடும் பிள்ளை, படுக்கையில் விழுந்ததும் சொறிய ஆரம்பிக்கும். விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புள் எனச் சின்னச் சின்னப் பருக்கள். கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்காலிலும் வரும். டாக்டர்கள் ஸ்கேபீஸ் என்று சொல்லும் சிரங்கு இப்படித்தான் இருக்கும்.

'சூடு' என்று கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்திப் புண்ணியமில்லை. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது; அதற்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. மெடிக்கலில் 'சொறிக்கு ஒரு ட்யூப்' என்று கேட்டு வாங்குவது அதைவிட மோசம். அந்த ட்யூப்களில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு இரண்டு நாள் அடங்கும், பூச்சி அடங்காது. பருக்களின் தோற்றமும் மாறிப்போவதால் டாக்டருக்கே அடையாளம் தெரியாது.

வழக்கமாக எழுதித் தருவது 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு வேறு மருந்து. அந்தக் குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் இந்தக் கிரீமைத் தொடாதீர்கள். பருவைப் பார்த்துப் பார்த்துப் பொட்டு வைப்பதில்தான் முக்கால்வாசி வீடுகள் கோட்டை விடுகின்றன. பூச்சி பரு இல்லாத இடத்திலும் இருக்கும். கழுத்திலிருந்து பாதம்வரை ஓரிடம் விடாமல் பூச வேண்டும். சின்னக் குழந்தைக்குத் தலை, நெற்றி, காதின் பின்புறமும் சேரும், கண்ணும் வாயும் தவிர. நகத்தை ஒட்ட வெட்டி, நகக்கண்ணிலும் தேயுங்கள். அரைஞாண் கயிற்றையும் கைக் காப்பையும் கழற்றிவிட்டு, அவை கிடந்த இடத்தில் பூசுங்கள். பழைய கயிற்றை மறுபடி கட்ட வேண்டாம். 30 கிராம் ட்யூபில் 1 முதல் 5 வயதுவரை கால் ட்யூப், 12 வயதுவரை அரை, பெரியவருக்கு முழு ட்யூப் போகும்.

சுடுதண்ணீரில் குளிப்பாட்டிய கையோடு பூசாதீர்கள். உடம்பு ஆறி உலரட்டும். இரவில் பூசி 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் கழுவ வேண்டும். நடுவில் கை கழுவினால் கைக்கு மட்டும் மறுபடி. கை சப்பும் குழந்தைக்குச் சாக்ஸ் மாட்டிவிடுங்கள். ஏழு நாள் கழித்து இரண்டாம் முறை பூசுவதைத் தவறவிடக் கூடாது.

அதே இரவில் வீட்டிலுள்ள அத்தனை பேரும், அரிப்பு இல்லாதவர்களும், பூசியாக வேண்டும். பூச்சி முதன்முறை தொற்றியவருக்கு அரிப்பு தெரியவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதுவரை அவர் பரப்பிக்கொண்டே இருப்பார். மறுநாள் துணி, போர்வை, தலையணை உறையை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாததை பிளாஸ்டிக் பையில் மூன்று நாள் இறுக்கிக் கட்டி வைத்தால் போதும். வீடு முழுக்க மருந்தடிக்கத் தேவையில்லை.

பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கும். இதைத் தெரியாமல் தினமும் கிரீம் பூசித் தோலைப் புண்ணாக்குகிறார்கள். பருவில் சீழ், காய்ச்சல், முகவீக்கம், டீ நிறத்தில் சிறுநீர் என்றால் காத்திருக்க வேண்டாம். சிரங்குப் புண்ணில் சேரும் கிருமி சிறுநீரகத்தைப் பாதிக்கும். நான்கு வாரம் தாண்டியும் புதுப் பரு கிளம்பினால் டாக்டரிடம் போகுமுன் வீட்டுக்குள் ஒருமுறை விசாரியுங்கள்: 'எனக்குத்தான் அரிக்கலையே' என்று அன்றிரவு பூசாமல் படுத்த தாத்தா அகப்படுவார்.