ஐசியூவில் ஒரு கொலை: மருத்துவக் கருவியை வைத்து க்ரைம் கதை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மட்டும் இந்தக் கருவில் மூன்று திரைக்கதைகள் என்னிடம் படிக்க வந்தன. ஐசியூவில் ஒரு நோயாளி, கருவியின் கம்ப்யூட்டரில் கைவைத்து அவரைக் கொல்லும் ஒருவன், துப்பறியும் ஒரு இன்ஸ்பெக்டர். மூன்றிலும் ஒரு காலத்தில் நான் செய்த அதே தவறுகள். எழுத வருவதற்கு முன் ஆஸ்பத்திரியில் பயோமெடிக்கல் இன்ஜினியராக இருந்தவன் நான், அப்படியிருந்தும் செய்தேன். நேர்கோடாகிவிட்ட இதயத்துக்கு ஷாக் கொடுப்பது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன். அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கருவியின் கடிகாரத்தை நம்புவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தரும் தவறு இதுதான். என் முதல் கதையில், நோயாளிக்கு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் சிரிஞ்ச் பம்பில் மருந்தின் வேகம் இரவு 2:17க்குக் கூட்டப்பட்டதாக அதன் பதிவு சொல்லும். அதே 2:17க்கு டெக்னீஷியன் லிஃப்ட்டில் நிற்பது சிசிடிவியில் தெரியும். அதனால் அவன் தப்பித்துவிட, சந்தேகம் நைட் டூட்டி சிஸ்டர் மேல் திரும்பும். படம் எடுத்து, எடிட்டும் முடித்து, ஐசியூவிலேயே பல வருடம் வேலை பார்த்த ஒரு சிஸ்டருக்குப் போட்டுக் காட்டினோம். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “தம்பி, பம்ப்பு டைமும் கேமரா டைமும் ஒண்ணுன்னு யாரு சொன்னா?”

எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது. பல பம்புகள் எந்த நெட்வொர்க்கிலும் சேராமல் தனியாக நிற்பவை. என்றைக்கோ யாரோ கையால் வைத்த நேரம்தான் அதில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே கட்டிலைச் சுற்றி மானிட்டர் 2:17 காட்டும், பம்ப் 2:04 காட்டும், சுவர்க் கடிகாரம் 2:21 காட்டும். சிஸ்டர் சார்ட்டில் எழுதுவதோ தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து. நிமிடக் கணக்கில் அலிபி கட்டிய கதை இங்கே சரிந்துவிடும்.

இரண்டு நாள் ரீஷூட். காசு போனதைவிட, இதைவிட நல்ல கதை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதைப் பார்க்காமல் போனேனே என்பதுதான் வலித்தது. இன்ஸ்பெக்டர் வந்ததும் பம்ப்பை அணைக்கவிடாமல், தன் போனை அதன் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டு நேரமும் ஒரே படத்தில் விழும்படி போட்டோ எடுக்கச் சொல்கிறார் என்று வையுங்கள். பம்ப் 13 நிமிடம் பின்தங்கி ஓடுவது தெரிந்துவிடும். அப்படியானால் பதிவில் உள்ள 2:17, உண்மையில் 2:30. டெக்னீஷியன் லிஃப்ட்டில் நின்றது, வார்டுக்கு ஏறிப் போகும்போது! அவனைக் காப்பாற்றிய வீடியோவே அவனை மாட்டிவிடும். எங்கள் ரீஷூட்டில் இதைத்தான் எடுத்தோம். நீங்கள் முதல் தடவையே எழுதிவிடுங்கள்.

வில்லனை வெளிநாட்டில் உட்கார வைப்பது

2008இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், உடலுக்குள் பொருத்தி, இதயத் துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரை ரேடியோ அலை வழியாகக் கட்டுப்படுத்த முடியும் என்று சோதனைக்கூடத்தில் காட்டினார்கள். ஆனால் அதைச் சில சென்டிமீட்டர் தூரத்தில் இருந்துதான் செய்தார்கள். கொலைகாரன் பக்கத்தில் வந்தாக வேண்டும். நியூஜெர்சியில் 2003 டிசம்பரில் கைதான சார்ல்ஸ் கல்லன், நோயாளிகளுக்குப் பக்கத்திலேயே இருந்த நர்ஸ். மருந்து தரும் கம்ப்யூட்டர் அலமாரியில் டிஜாக்ஸின் என்ற இதய மருந்தைக் கேட்டு ஆர்டர் போடுவார், உடனே ரத்து செய்வார். அதற்குள் இழுப்பறை திறந்திருக்கும். ரத்து செய்ததும் பதிவில் ஏறியது, அதுவே துப்பானது. பிறகு 29 கொலைகளை அவர் ஒப்புக்கொண்டார். உங்கள் வில்லனுக்கும் கோடிங் தெரிய வேண்டியதில்லை, டூட்டி ரோஸ்டரில் பெயர் இருந்தால் போதும்.

சத்தமே இல்லாத வார்டு

வென்டிலேட்டர் நின்றால் அலாரம் அலறும், சிஸ்டர் ஓடிவந்து அம்பு பேக்கை அழுத்திக் கையால் மூச்சு கொடுப்பார். அந்த ஓட்டத்தை எழுதுங்கள்.

கருவியை ரீஸ்டார்ட் செய்து பார்க்கும் போலீஸ்

வேண்டவே வேண்டாம். துப்பே அதன் பதிவிலும் கடிகாரத்திலும்தான் இருக்கிறது.

சதி என்று முதல் காட்சியிலேயே முடிவு கட்டுவது

தெராக்-25 கதையைப் படிக்காமல் இந்தக் கருவைத் தொடாதீர்கள். கனடாவில் தயாரான, புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் இயந்திரம் அது. 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளிகள் மேல் அளவுக்கு மிஞ்சிய கதிரைப் பாய்ச்சியது. அதில் வில்லன் யாரும் கிடையாது. 1986 மார்ச்சில், டெக்சாஸின் டைலர் நகரத்தில், ஆபரேட்டர் எலக்ட்ரான் கதிருக்கான ‘இ’ எழுத்துக்குப் பதில் எக்ஸ்-ரேக்கான ‘எக்ஸ்’ தட்டிவிட்டு, கர்சரை மேலே நகர்த்தித் திருத்தினார். தினமும் செய்யும் வேலை, கை தானாக ஓடியது. இயந்திரம் தன்னைத் தயார் செய்துகொள்ளும் 8 விநாடிக்குள் திருத்தம் முடிந்துவிட்டதால், மென்பொருள் அதைக் கவனிக்கவில்லை. திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று மட்டும் வந்தது. உள்ளே நோயாளி துடித்தது வெளியே கேட்கவில்லை. அன்றைக்கு அறையின் இன்டர்காம் பழுது.

அடுத்த மாதம் அதே ஊரில் இன்னொருவருக்கும் அது நடந்தது. அப்புறம்தான் ஆஸ்பத்திரியின் இயற்பியலாளரும் அந்த ஆபரேட்டரும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, தட்டுவதும் திருத்துவதுமாக, திரும்பத் திரும்ப முயன்று, அதே 54ஐத் திரையில் வரவழைத்தார்கள். நிதானமாகத் தட்டியபோது அது வரவில்லை. அந்தப் பெண் தினமும் தட்டும் வேகத்தில் தட்டியபோது வந்தது.