பேட்ரியானில் சந்தா செலுத்துவோர் கவனத்திற்கு

எழுத்தாளர், கலைஞர் போன்ற படைப்பாளர்களை ரசிகர்கள் சந்தா கட்டி ஆதரிக்கும் இணையதளமான பேட்ரியானில் ஒரு படைப்பாளருக்குச் சந்தா செலுத்த விரும்பினால், ஐபோன் செயலிக்குள் பணம் கட்டாமல், உலாவியில் அத்தளத்தைத் திறந்து அங்கே உறுப்பினராகச் சேருங்கள். சேர்ந்த பிறகு பதிவுகளைச் செயலியிலேயே படிக்கலாம், பார்க்கலாம்.

செயலிக்குள் தொடங்கும் சந்தாக்களில் ஆப்பிள் நிறுவனம் முதல் ஆண்டில் 30 விழுக்காடு வரை கழித்துக்கொள்கிறது. இந்தக் கழிவு முறை 2024 நவம்பரில் பேட்ரியானுக்கும் வந்தபோது, அந்தச் சுமையைத் தாமே ஏற்பதா, செயலியில் மட்டும் விலையை உயர்த்துவதா என்று படைப்பாளர்கள் முடிவுசெய்ய வேண்டியதாயிற்று. 10 டாலர் சந்தாவில் ஆப்பிளின் பங்கு போக அதே 10 டாலர் மிஞ்ச வேண்டுமானால் செயலியில் 14 டாலருக்கு மேல் வைக்க வேண்டும் என்பதால், ஒன்று நீங்கள் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள், இல்லையேல் நீங்கள் ஆதரிக்க நினைத்தவருக்குக் குறைவாகப் போய்ச் சேருகிறது. இரண்டாவது நிலையில் விலை ஒன்றாகவே தெரிவதால் பலரும் இதைக் கவனிப்பதில்லை.

தள முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பு போலிப் பக்கத்திற்கு இட்டுச் செல்லக்கூடும்.

அமெரிக்காவில் 2025 ஏப்ரல் இறுதியில் வந்த நீதிமன்ற உத்தரவுக்குப் பின், செயலியிலிருந்தே உலாவி வழியாகப் பணம் செலுத்த வழியிருப்பதால், அங்குள்ளோருக்கு இக்குறிப்பு அவ்வளவாகத் தேவைப்படாது. ஏற்கெனவே ஆப்பிள் வழியாகச் சந்தா கட்டுவோர், முதலில் ஐபோன் அமைப்புகளில் அதை ரத்து செய்து, நடப்புக் காலம் முடிந்த பின்னரே உலாவியில் சேர வேண்டும்.